மலையேற்றம் கூடாது

ஆஸ்பத்திரியில் எந்த ஊர் என்று கேட்டால் குடியிருக்கும் ஊரைச் சொல்லிவிடுங்கள். அலுப்பாக இருந்தாலும் சொல்லுங்கள். கேட்கிறவர் உடனே "அங்கே குளிருமா?" என்று இளித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுங்கள். இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மற்றதெல்லாம் என் புலம்பல், பொறுமை இருக்கிறவர்கள் படிக்கலாம்.

என் பெயர் சாந்தாமணி. குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் இருபது வருடமாக ஏலப் பட்டியல் தட்டச்சு செய்கிறேன். எந்த எஸ்டேட், என்ன ரகம், எத்தனை மூட்டை என்று வரிசையாக அடித்துத் தள்ளும் வேலை. கணவர் பழனிசாமிக்கு அருவங்காடு ஃபேக்டரியில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். ஒரே மகள் நிவேதா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இப்போது என் இடது கண்ணுக்குள் எண்ணெய் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை அதை வெளியே எடுக்கப்போகிறார்கள். எடுத்த பிறகு பார்வை நிற்குமா என்பது டாக்டருக்கே தெரியாது. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று போனில் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தட்டுகிறேன். பிழைகளை நிவேதா பார்த்துக்கொள்வாள்.

இடது கண் போனால் வலது இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. என் வலது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறிக் கண். கண் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், மூளைதான் அதைச் சீந்தாது. சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தால் நல்ல கண்ணை மூடிவைத்து இதை வேலை வாங்கியிருக்கலாமாம். எங்கள் வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பொருளை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால் ஏதோ கலங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். ஆக நாற்பத்தொன்பது வருடம் நான் வாழ்ந்தது ஒரே கண்ணை வைத்து.

ஜூலை மாதம், நல்ல மழை. முதலில் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன, கொதிநீரில் போட்ட தேயிலைத் தூள் மாதிரி. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டியது. மழைக்காலத்தில் மின்னல் வெட்டுவது ஒரு அதிசயமா என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கீழே இருந்து சாம்பல் நிறமாக ஏதோ ஏறி வந்தது. எங்கள் ஊரில் பள்ளத்தாக்கில் இருந்து மிஸ்ட் இப்படித்தான் ஏறி வரும், முதலில் தோட்டம் மறையும், பிறகு ரோடு, பிறகு எதிர் வீடு. அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நாலாம் நாள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரையின் கடைசி ஆறு வரிகளைக் காணோம்.

"அம்மிணி, அந்த ஜன்னலைச் சாத்து. மிஸ்ட் உள்ள வருது" என்றேன், பக்கத்து மேஜைப் பெண்ணிடம்.

"ஜன்னல் சாத்தித்தானுங்க அக்கா இருக்குது" என்றாள் அவள்.

எழுந்து போய் ஜன்னல் கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன், சாத்தித்தான் இருந்தது.

குன்னூர் கண் டாக்டர் பார்த்த அடுத்த நிமிடமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விழித்திரை விலகிவிட்டது என்றார். கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை, பார்வை அதில்தான் பதிகிறது. அதில் ஓட்டை விழுந்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் அதன் வழியே பின்னால் போய், சவ்வை உரித்துவிடும். "உங்க ஊட்டுச் செவுத்துல ஈரம் புடிச்சா பெயின்ட் உரியுதில்லீங்க, அது மாதிரி. நடுப்பகுதி உரியறதுக்கு முன்னாடி ஒட்டணும். இன்னிக்கே கீழ போங்க" என்றார். அவரே ஃபேக்டரிக்குப் போன் போட்டு என் வீட்டுக்காரரை வரச் சொன்னார். இவர் யூனிஃபார்மோடு ஓடி வந்தார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் குற்றம் இல்லை. காத்திருக்கும் கூடத்தில் ஐம்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்தை அரை மணிக்கு ஒரு தரம் விட்டுவிட்டுப் போவார்கள். சொட்டு விட வந்த பெண் எந்த ஊர் என்று கேட்டாள். குன்னூர் என்றேன். "ஐயோ, குடுத்து வெச்சவங்க!" என்றாள். என் நிலைமைக்கு இது தேவைதான் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கேன் எடுத்த பையன், "ஊட்டிங்களா? இப்ப கூட்டம் எப்புடி?" என்றான். ரத்தம் எடுத்தவர் வர்க்கி பிஸ்கட்டுக்கு நல்ல கடை எது என்று விசாரித்தார். கண் போகப்போகிறது என்று உட்கார்ந்திருக்கிறவளிடம் வர்க்கி! நாலாவதாக ஒரு அம்மா ஆபரேஷனுக்கான தாளை வைத்துக்கொண்டு வந்தார்.

"எந்த ஊருங்க?"

"மேட்டுப்பாளையம்" என்றேன்.

பொய் என்றும் சொல்ல முடியாது. இவருடைய தங்கை வீடு அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கிறது. நாங்கள் மலையில் இருக்கிறவர்கள் இந்த மாதிரிப் பேச்சைத் தவிர்க்க வழக்கமாகச் சொல்வதுதான் இது. இவர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார். அந்த அம்மா எழுதிக்கொண்டார். இவர் வருவதற்குள் உள்ளே கூப்பிட்ட டாக்டர் தாளைப் பார்த்து, "மேட்டுப்பாளையம்தானே? பக்கம்தான், ரிவ்யூக்கு வர்றது சுலபம்" என்றார். நான் தலையாட்டினேன். எத்தனையோ விஷயத்துக்கு வாய் நீளும் எனக்கு, அன்றைக்கு ஆட்டத் தலைதான் இருந்தது.

ஆபரேஷன் முழிப்பில்தான் நடக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரக்கவைத்துவிடுவார்கள். வலி இல்லை, ஆனால் யாரோ நம் வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் கொழகொழப்பை எடுத்துவிட்டு, விழித்திரையை ஒட்டி, அது பிடித்துக்கொள்ளும் வரை அழுத்திப் பிடிக்க ஒரு வாயுக் குமிழியை வைத்துவிடுவார்கள். குமிழி மேலே மேலே போகும் குணமுடையது. அதனால் நாம் குப்புறப் படுத்தால் அது கண்ணின் பின்பக்கம் போய் விழித்திரையைத் தாங்கும். பத்து நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். சாப்பிடுவது, தூங்குவது, நடப்பது எல்லாம் அப்படியே. குமிழி ஆறேழு வாரத்தில் தானாகக் கரைந்துவிடும்.

பக்கத்துக் கட்டிலில் தெய்வானையக்கா, பல்லடத்துக்காரர். அவரும் குப்புற. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர் என்னைக் "கண்ணு, கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிடும் முறை அது.

"அக்கா, இருக்கற ஒரு கண்ணுக்கே வழியில்லை. நீங்க வேற கண்ணு கண்ணுங்கறீங்க" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள்.

சிரிப்பெல்லாம் பகலில் கொஞ்ச நேரம். மற்ற நேரம் பயம், பயம், பயம்தான். கண் கட்டைப் பிரித்துச் சொட்டு விடும்போது இடது கண்ணில் தண்ணீர் குலுங்குகிற மாதிரி வெளிச்சம் ஆடும், வேறொன்றும் தெரியாது. ரிட்டையர் ஆக இன்னும் பல வருடம் இருக்கிறது. பட்டியல் யார் அடிப்பது? நிவேதாவுக்குக் கல்யாணம் என்று வந்தால் மாப்பிள்ளையை நான் தடவிப் பார்ப்பதா? இப்படியே ஓடும் மனசு. அழக்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குப்புறப் படுத்து அழுதால் மூக்கெல்லாம் அடைத்து மூச்சு முட்டும், அதையும் செய்து பார்த்தாயிற்று.

மூன்றாம் நாள் நிவேதா என் முகத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் போனை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள், ஏதாவது கேட்டுக்கொண்டிரு என்று. நான் கையில் எடுத்துத் தடவினதில் கேமரா திறந்துகொண்டு ஒரு படம் விழுந்துவிட்டது. அழிக்கலாம் என்று போனை வலது கண்ணோடு ஒட்டிவைத்து, விரலால் பெரிதாக்கினேன். இவருடைய கால்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் பாதி பெயர்ந்திருந்தது.

"ஏனுங்க, உங்க நகத்துக்கு என்னாச்சு?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "எந்த நகம்? அது... ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஃபேக்டரியில ராடு விழுந்தது. உனக்கெப்புடித் தெரியும்? கண்ணு தெரியுதா?"

கண் தெரியவில்லை, போனில் தெரிந்தது என்றேன். பாவம், அவருக்கு வந்த சந்தோஷம் வந்த வேகத்தில் போய்விட்டது. இரண்டு வருடமாகக் கூடவே இருந்தும் எனக்கு அந்த நகம் தெரியாது. எனக்கு அழுகையும் வந்தது, கூடவே வேறொன்றும் வந்தது. அந்தப் படத்தில் ஜன்னல் வெளிச்சம் அவருடைய பாதத்தின் மேல் சரிவாக விழுந்து, நரம்பெல்லாம் மேடு பள்ளமாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி எடுத்திருந்தால் இரண்டாவது காலும் முழுசாக வந்திருக்கும் என்று தோன்றியது. இப்படித் தோன்றி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

கல்லூரியில் படிக்கும்போது என்னிடம் ஒரு பழைய ஃபிலிம் கேமரா இருந்தது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம், அதை மூன்று மாதம் வைத்து எடுப்பேன். மலையையும் பூவையும் எடுக்கவே மாட்டேன், அதற்குத்தான் டூரிஸ்ட் இருக்கிறார்களே. ஈரத்துணி, பாத்திரம், பஸ் சீட்டில் யாரோ விட்டுப்போன குடை, இப்படித்தான் எடுப்பேன். "இதையெல்லாமா படம் எடுப்பாங்க?" என்று ஸ்டுடியோக்காரரே கேட்பார். கல்யாணம், குழந்தை, வேலை. ஒரு மழைக்காலம் முழுக்க பீரோவுக்குள் கிடந்ததில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. எங்கள் ஊர் ஈரத்துக்குக் கேமராவை அரிசிக்குள்ளோ பல்புக்குப் பக்கத்திலோ வைக்காவிட்டால் இதுதான் கதி. அதோடு விட்டேன்.

அன்றிலிருந்து போன் கையை விட்டு இறங்கவில்லை. பார்க்கக் கிடைத்தது தரை மட்டும்தான், அதனால் தரையையே எடுத்தேன். மொசைக் தரையில் சிந்திய ஹார்லிக்ஸ். நர்ஸின் வெள்ளைச் செருப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி. கட்டில் சக்கரத்தில் சுற்றியிருந்த முடி. எடுப்பது, கண்ணோடு ஒட்டிப் பார்ப்பது, சரியில்லையா, மறுபடி எடுப்பது. எடுக்கிற நேரத்தில் மட்டும் பயம் தெரியாது. முடிந்ததும் இரண்டு மடங்காக வரும், இப்போதுதானே இந்த ஆசை ஞாபகம் வந்தது, இப்போதா பிடுங்கிக்கொள்வாய் என்று சாமியைத் திட்டுவேன்.

"என்ற காலை மட்டும் எடுத்துப் போடாத கண்ணு. ஒரே வெடிப்பு" என்றார் தெய்வானையக்கா.

"எடுத்தாச்சுங்க அக்கா. வெடிப்புதான் அழகா வந்திருக்குது."

"அடப்பாவி மவளே!"

இவருக்குத்தான் பிடிக்கவில்லை. "கண்ணே போற நேரத்துல போட்டோ என்ன வேண்டிக்கெடக்குது? பேசாம படு" என்று ஒரு நாள் கத்திவிட்டார். அவருக்கும் பயம். எனக்குத் தெரியும். ஆனாலும் நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. முகம்தான் தரையில் இருக்கிறதே, கொடுப்பதற்கு என்ன இருந்தது.

ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். மீதி நாள் வீட்டிலேயே குப்புறப் படுக்கலாம் என்றார்கள். ஒரு தாள் கொடுத்தார்கள், தமிழிலேயே அச்சடித்தது. இவர் சத்தமாகப் படித்தார். தலைக்குக் குளிக்கக் கூடாது. மல்லாந்து படுக்கக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. விமானப் பயணம், மலையேற்றம் கூடாது.

"விமானம்! நம்ம எங்க போயி விமானத்துல ஏற?" என்றேன்.

"மலையேத்தமும் கூடாதாமா. ட்ரெக்கிங்கு" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தோம். மலையேற்றம் என்றால் எங்களுக்கு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு கையில் குச்சியோடு சீசனுக்கு வருகிறார்களே, அதுதான். வீட்டுக்குப் போவதை எங்கள் ஊரில் யாராவது மலையேற்றம் என்பார்களா? மேலே போகிறோம், கீழே போகிறோம் என்போம். பால்காரர் மலையேறுகிறார், தபால்காரர் மலையேறுகிறார் என்று சொல்ல முடியுமா?

இவர், மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றார். நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். நாத்தனார் வீட்டு ஹாலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, குப்புறக் கிடப்பதா? எனக்கு என் வீடு வேண்டும். இன்னொன்றும் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறையில் காலை பத்து மணிக்குச் சிமென்ட் தரையில் ஒரு வெளிச்சம் விழும். குனிந்தே கிடக்கிற இந்த நாட்களுக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

அருவங்காட்டிலிருந்து தெரிந்த டிரைவர் போஜன் கார் கொண்டுவந்தார். பின் சீட்டில் தலையணையை மடியில் வைத்துக் குனிந்துகொண்டேன். அடிவாரத்தில் கல்லாறு தாண்டும்வரை ஒன்றுமில்லை. கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் காது அடைத்தது. அது எப்போதும் அடைப்பதுதான். பர்லியார் வரும்போது கண்ணுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி வலி. வாந்தி எடுத்தேன். இவர் எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கருகே வைத்தார். "வளைவு ஒத்துக்கலை. இன்னும் கொஞ்ச தூரம்தான், பொறுத்துக்க" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். வீடு அரை மணி நேரத்தில் வந்துவிடும், போங்கள் போங்கள் என்று நானே விரட்டினேன். குன்னூருக்கு முன்னால் வரும் காட்டேரி என்ற ஊருக்குப் பக்கத்தில் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்த அந்த வெளிச்சமும் அணைந்தது. கண் கட்டை நானே பிய்த்து எறிந்தேன். கறுப்பு. பகல் பன்னிரண்டு மணிக்குக் கறுப்பு.

"ஏனுங்க, எனக்கு வெளிச்சமே தெரியலீங்க!" நான் அலறினதில் போஜன் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

இவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நர்ஸ், "எங்க இருக்கீங்க?" என்றாள்.

"காட்டேரிங்க."

"அது எங்கே?"

"குன்னூருக்குப் பக்கத்துலங்க."

அந்தப் பெண் கத்தினாள். "மலையிலயா? கண்ணுல கேஸ் இருக்குதுங்க! மேல போனா அது விரியும்! உடனே கீழ இறங்குங்க, உடனே!"

போஜன் வளைவிலேயே வண்டியைத் திருப்பினார். எதிரே வந்த பஸ்காரன் திட்டியது காதில் விழுந்தது. "ஐயோ அக்கா, கீழ வாங்குன சிப்ஸ் பாக்கெட்டு மேல போனா உப்பிக்குமில்லீங்க. அதேதானுங்க" என்றார் போஜன். ஆமாம். கடை கடையாக உப்பித் தொங்கும் பாக்கெட்டுகளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மலையில் இருக்கிற சின்னக் குழந்தைக்கும் தெரியும் அது. என் கண்ணுக்குள்ளேயே ஒரு பாக்கெட்டை வைத்துக்கொண்டு ஏறியிருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், குமிழி விரியும், கண் விரிய முடியாது. உள்ளே அழுத்தம் ஏறி, ரத்தம் போகும் குழாயை நெரித்து, பார்வை நரம்பைச் சாகடிக்கும். இதையெல்லாம் பிறகு டாக்டர் சொன்னார். காரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு மட்டும்தான். கல்லாறு வந்தபோது ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் தெரிந்தது. அந்தச் சாம்பலைப் பார்த்து நான் அழுத அழுகையை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசியால் வாயுவைக் கொஞ்சம் எடுத்து அழுத்தத்தைக் குறைத்தார். பிறகு தாளைத் தட்டினார்.

"மேட்டுப்பாளையம்னு நீங்கதானே சொன்னீங்க? குன்னூர்னு சொல்லியிருந்தா நான் வாயுவே வெச்சிருக்க மாட்டேன். மலைக்காரங்களுக்கு எண்ணெய்தான் வெப்போம். அது விரியாது."

இவர் என் பக்கம் திரும்பியது எனக்குத் தெரிந்தது. "எப்ப சொன்ன? ஏன் சொன்ன?"

என்ன சொல்வது? வர்க்கி பற்றிக் கேட்டார்கள், அதனால் சொன்னேன் என்றா? அதைத்தான் சொன்னேன். இவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை, "மூதேவி" என்றாவது.

விழித்திரை மறுபடி விலகியிருந்தது. இரண்டாவது ஆபரேஷன். இந்தத் தடவை வாயுவுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய். எண்ணெய் தானாகக் கரையாது, சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது விழித்திரை ஒட்டி நின்றால் உண்டு. நரம்பு எவ்வளவு செத்தது என்பது அப்போதுதான் தெரியும். டாக்டர் இதைச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டார்.

மறுபடி குப்புற, மறுபடி மொசைக் தரை. தெய்வானையக்கா வீட்டுக்குப் போயிருந்தார். நிவேதா ஸ்டூலில் போனை வைத்தபோது எடுத்துக்கொண்டு போ என்றேன். எனக்குக் கேமராவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் வாயைத் திறந்து சொன்ன ஒரு ஊர்ப் பெயரால் என் கண்ணை நானே குத்திக்கொண்டேன். யாரைத் திட்டுவது? சாமியைக்கூடத் திட்ட முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. செத்துப்போனால் நிவேதாவுக்குச் சுமை குறையும் என்றுகூட யோசித்தேன், மறைக்கவில்லை, எழுதுகிறேன்.

அடுத்த நாள் காலை என் முகத்துக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. செருப்பில்லாமல். கறுத்த நகம். இவர் போனை என் கைக்குள் திணித்தார்.

"எடு" என்றார்.

"வேண்டாங்க."

"எடு சாந்தா. அன்னிக்குக் கத்துனது நாந்தான். எடு."

எடுத்தேன். படம் ஆடிவிட்டது. அவர் நகரவில்லை. இன்னொன்று எடுத்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார், நர்ஸ் வந்து தள்ளிப் போங்கள் என்று சொல்லும்வரை. அதற்குப் பிறகு என் பொய்யைப் பற்றி அவர் பேசவே இல்லை, இன்றுவரை.

வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. எண்ணெயோடு மலையேறலாம், ஒன்றும் ஆகாது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டால் இடது கண்ணில் மேல் பாதி தெரிகிறது, ஆள் அடையாளம் தெரிகிறது. கீழ்ப் பாதி இல்லை. படியிறங்கும்போது இவர் கையைப் பிடித்துக்கொள்வார். வேலைக்கு லீவு. சமையலறை வெளிச்சத்தை எடுத்தேன், நினைத்த மாதிரி வரவில்லை. பிறகு தினமும் எடுக்கிறேன், ஒரு வெறி பிடித்தவள் மாதிரி. வாஷ்பேசின் குழாய். நிவேதா லீவுக்கு வந்தால் அவள் சீப்பில் மிஞ்சிய முடி. காயாமல் மூன்று நாளாகக் கொடியில் தொங்கும் இவருடைய ஸ்வெட்டர். இருபத்திரண்டு வருடம் எடுக்காததை எல்லாம் வியாழக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிற மாதிரி. கல்லூரி நாளில் ஒரு படத்துக்கு ஒரு வாரம் யோசிப்பேன். இப்போது அந்தப் பொறுமை இல்லை, ஆனால் ஆசை அதைவிட அதிகம். படுக்கப் போகும்போது நாளைக்கு எதை எடுப்பது என்று நினைத்துக்கொண்டேதான் படுக்கிறேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் நான் எப்போதோ உடைந்திருப்பேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். இவர் என் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இனி எடமே இல்லைங்குது. எதுக்கு இத்தனை எடுக்கற?" என்றார்.

"கண்ணு போச்சுன்னா பாக்கறதுக்குத்தான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கண் போன பிறகு எதைக் கொண்டு பார்ப்பேன்? அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"கண்ணை மூடு."

"எதுக்குங்க?"

"மூடுன்னா மூடு."

மூடினேன்.

"பக்கெட்டு" என்றார், என் போனில் ஒரு படத்தைப் பார்த்து. "பச்சைக் கலரு."

"அப்பறம்?"

"அப்பறமென்ன? தண்ணி இருக்குது. பக்கெட்டுதான்."

"ஏனுங்க, ஏலப் பட்டியலா படிக்கறீங்க? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனைச்சுச் சொல்லுங்க."

அவர் தொண்டையைக் கனைத்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். "பக்கெட்டு வாயில ஒரு எடத்துல ஒடைஞ்சிருக்குது. ஒடைஞ்ச எடத்துல மட்டும் வெளுத்திருக்குது. தண்ணிக்குள்ள நம்ம ஜன்னல் தெரியுது... கம்பி மூணு. நடுக்கம்பி தண்ணியில வளைஞ்சாப்புல இருக்குது. கம்பிக்குப் பின்னாடி வெள்ளையா... மேகமாட்டம். இரு, இதுல ஆள் இருக்குது."

"யாருங்க?"

"நீதான். போனைப் புடிச்சுட்டு நிக்கற."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. எடுக்கும்போதும் தெரியவில்லை, எடுத்த பிறகு போனைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தபோதும் தெரியவில்லை.

"எப்புடி இருக்கேன்?" என்றேன்.

"இரு, பாத்துச் சொல்றேன்" என்றார்.

அவர் சொல்லட்டும் என்று கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.